மின்சுற்றுப் பலகையும் இடைவெளியின் காவலும்

பொருள்களை எண்ணிப் பார்ப்பது மனிதருக்கு இயல்பு. பொருள்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. வயலைக் கண்டோர் பயிரின் செழிப்பைப் புகழ்வர். நாற்றுக்கும் நாற்றுக்கும் இடையே விடப்பட்ட இடத்தை உழவனன்றி வேறொருவர் கருதார். அதுபோலவே, மின்கருவி ஒன்றைத் திறந்து பார்க்கும் மாணவன் அதிலுள்ள செப்புக் கோடுகளையும் டிரான்ஸ்பார்மரையும் வியந்து நோக்குகிறான். அக்கோடுகளுக்கு நடுவே ஒன்றுமின்றி விடப்பட்ட இடத்தை நோக்குவதில்லை. அவ்வெற்றிடமோ, கருவியைக் கையில் ஏந்துவோரின் உயிருக்குக் காவலாய் நிற்பது. அஃது எத்துணை அகலமாயிருத்தல் வேண்டும், குறையுமாயின் விளைவது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஐப்பசி மழையின்போது விடுதி மாணவர் ஒருவர் தமது கைப்பேசிச் சார்ஜரைப் பௌதிக ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். முந்திய இரவு, ஈரத் துணிகள் உலர்ந்துகொண்டிருந்த அறையில், மேசைமேல் கைப்பேசியை வைத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கையில், சட்டென்று ஓர் ஓசை கேட்டதாம். தீய்ந்த நாற்றம் எழுந்ததாம். கைப்பேசி அத்துடன் பயனற்றுப் போயிற்று. தெய்வாதீனமாக அது அவர் கையிலோ காதோரத்திலோ இருக்கவில்லை. சார்ஜரின் கூட்டைப் பிளந்து பார்த்தோம். வீட்டு மின்சாரம் பாயும் கோடு ஒன்றுக்கும், கைப்பேசிக்குச் செல்லும் 5 வோல்ட் கோடு ஒன்றுக்கும் நடுவே, பலகையின்மீது தலைமயிர் போன்ற ஒரு கரிய வரி ஓடியிருந்தது. உருப்பெருக்குக் கண்ணாடியின் துணைகொண்டு இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தோம். அது 0.8 மில்லிமீட்டரே! இருந்திருக்கவேண்டிய அளவு என்ன, இந்தக் குறைவு எவ்வாறு தீங்காய் முடிந்தது என்பதை முறையே காண்போம்.

பலகையின் அமைப்பு

பழைய ரேடியோப் பெட்டிகளில் உறுப்புக்களைத் தனித்தனிக் கம்பிகளால் இணைத்திருந்தனர். வியன்னாவிற் பிறந்து 1936-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற பால் ஐஸ்லர் என்பார், மின்கடத்தாப் பலகையின்மேல் செப்புத் தகடு ஒட்டி, வேண்டாத பகுதியை அரித்து நீக்கி, எஞ்சிய செம்பையே கம்பிகளாகக் கொள்ளும் முறையை வகுத்தார். அதற்கு 1943-ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். இன்று நம் கைக்கு வரும் மின்னணுக் கருவிகளில் பெரும்பாலானவை இம்முறையினாலேயே ஆயவை. பலகையோ பெரும்பாலும் கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸி என்னும் பிசினில் தோய்த்து இறுக்கியது. வழக்கமான கனம் 1.6 மில்லிமீட்டர். அதன்மேலுள்ள செம்பின் கனம் பொதுவாக 0.035 மில்லிமீட்டர்.

கம்பிக்கு ரப்பரோ பிளாஸ்டிக்கோ உறையாயிருந்தது. செப்புக் கோட்டுக்கு அத்தகைய உறை இல்லை. பலகையின்மேற் காணப்படும் பச்சைப் பூச்சு, ஈயம் வேண்டாத இடத்தில் ஒட்டாதிருத்தற் பொருட்டு இடப்பட்டது. அதனை உயிர்காக்கும் மின்காப்பாகக் கணக்கிடுதல் கூடாது. ஆகவே கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் மின்சாரத்தைத் தடுத்து நிற்பன இரண்டே: ஒன்று, இடையிலுள்ள காற்று, மற்றொன்று, பலகையின் மேற்பரப்பு. இவ்விரண்டும் வெவ்வேறு வகையில் தோல்வியுறுவன. எனவே இவற்றை வெவ்வேறாகவே அளத்தல் வேண்டும். நேர்க்கோட்டில் காற்றினூடே உள்ள மிகக் குறுகிய தூரத்தைக் கிளியரன்ஸ் என்றும், மேற்பரப்பை ஒட்டி ஊர்ந்து செல்லும் மிகக் குறுகிய தூரத்தைக் கிரீப்பேஜ் என்றும் மின்தொழிலாளர் வழங்குவர். நாம் முன்னதைக் காற்றுத் தூரம் எனவும், பின்னதைப் பரப்புத் தூரம் எனவும் கொள்வோம்.

காற்று முறியும் வகை

காற்று மின்சாரத்தைக் கடத்தாது என்று சிறுவகுப்பிலே படித்தோம். அஃது ஓரளவே உண்மை. வான்வெளியிலிருந்து வரும் கதிர்களாலும், மண்ணிலுள்ள கதிரியக்கப் பொருள்களாலும் காற்றில் எப்போதும் சில எலெக்ட்ரான்கள் தனித்துத் திரிகின்றன. இரு கோடுகளுக்கிடையே மின்னழுத்தம் மிகுந்தால், அவ்வெலெக்ட்ரான் விரைவு பெற்று ஓடிக் காற்றின் மூலக்கூறு ஒன்றை மோதுகின்றது. விரைவு போதுமாயின், அம்மூலக்கூறிலிருந்து இன்னோர் எலெக்ட்ரான் பெயர்க்கப்படும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், இவ்வாறு இருபது முறை இரட்டிப்பின் பத்து இலட்சத்துக்கு மேலாகும். மலையுச்சியிலிருந்து உருண்ட ஒரு பனிக்கட்டி பெருஞ்சரிவாய் முடிவதுபோல், ஓர் எலெக்ட்ரான் மின்பொறியாய் முடிகின்றது. இதனையே மின்முறிவு என்கிறோம். 1900-ஆம் ஆண்டையொட்டி இச்செயலை விளக்கிக் காட்டியவர் ஜான் டவுன்ஸெண்ட் என்னும் பேராசிரியர்.

அவருக்கு முன்னரே, 1889-ஆம் ஆண்டில், ஜெர்மானியராகிய பிரெடரிக் பாஷன் ஒரு விதியைக் கண்டறிந்தார். முறிவு மின்னழுத்தம் தூரத்தை மட்டும் பொறுத்ததன்று. காற்றழுத்தத்தையும் தூரத்தையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது என்பதே அவ்விதி. சாதாரணக் காற்றழுத்தத்தில், தட்டையான இரு பரப்புக்களுக்கிடையே, 10 மில்லிமீட்டர் இடைவெளி ஏறக்குறைய 30,000 வோல்ட் தாங்கும், 1 மில்லிமீட்டர் ஏறக்குறைய 4,500 வோல்ட் தாங்கும், 0.1 மில்லிமீட்டர் ஏறக்குறைய 1,000 வோல்ட் தாங்கும்.

இடைவெளியை இன்னும் சுருக்கினால் ஒரு விந்தை காண்கிறோம். முறிவு மின்னழுத்தம் குறைந்துகொண்டே சென்று, தலைமயிரின் பருமனிற் பத்தில் ஒரு பங்கு போன்ற இடைவெளியில், ஏறக்குறைய 327 வோல்ட்டில் நின்றுவிடுகின்றது. அதனினும் நெருங்கினால் பாஷன் விதிப்படி மறுபடியும் ஏறத் தொடங்குகின்றது. காரணம் யாதெனில், மிக நெருங்கிய இடைவெளியில் எலெக்ட்ரான் மோதுதற்குப் போதிய மூலக்கூறுகள் வழியில் இல்லை. ஆயினும் மேலும் மேலும் நெருங்குமிடத்துச் செம்பிலிருந்தே எலெக்ட்ரான்கள் பிடுங்கப்படுதலின், அவ்விடத்து இவ்விதியை நம்புதல் கூடாது.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பர். அது சராசரிக் கணக்கு; ஒவ்வோர் அலையின் உச்சியும் 325 வோல்ட் ஆகும். பாஷன் கண்ட 327-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இரண்டே வோல்ட்! அப்படியாயின், தூய உலர்ந்த காற்றில் வீட்டு மின்சாரத்துக்கு அஞ்சவேண்டியதே இல்லையே, 0.8 மில்லிமீட்டர் ஏராளமன்றோ என்று கூரிய மாணவன் வினவுவான். வினா நன்று. அதற்கு மூன்று விடைகள் உள.

மூன்று விடைகள்

முதலாவது, கம்பியில் வருவது 230 வோல்ட் மட்டுமன்று. தொலைவில் இடி விழுந்தாலும், அண்டையில் பெரிய மோட்டார் ஒன்றை நிறுத்தினாலும், ஒரு நொடியில் மிகச் சிறு பகுதி நேரத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கம்பியில் எழும். மின்காப்பைப் பற்றிய சர்வதேச நியமமாகிய ஐ.இ.சி. 60664, சுவரிலுள்ள பிளக்கில் செருகும் வீட்டுக் கருவிகள் 2,500 வோல்ட் அதிர்ச்சியைத் தாங்கவேண்டும் என்கின்றது. வீட்டினுள் நிலையாய்ப் பொருத்தப்பட்ட மின்பலகைகளுக்கு 4,000 வோல்ட்டும், மின்கம்பி வீட்டினுள் நுழையும் இடத்தில் மீட்டர் போன்றவற்றுக்கு 6,000 வோல்ட்டும் வகுக்கப்பட்டுள்ளன. வெளியிலிருந்து உள்ளே செல்லச் செல்ல அலையின் வேகம் தணிவது போன்றதே இது.

இரண்டாவது, முன்சொன்ன எண்கள் தட்டையான பரப்புக்களுக்கே உரியன. பலகையிலுள்ள செப்புக் கோடோ கத்தி விளிம்பு போன்றது. ஈயம் பற்றவைத்த இடங்களில் முட்போன்ற கூர்முனைகளும் உண்டு. கூர்முனையில் மின்புலம் குவிதலால் முறிவு எளிதில் தொடங்குகின்றது. 4,000 வோல்ட் அதிர்ச்சிக்குச் சீரான பரப்புக்களிடையே 1.2 மில்லிமீட்டர் போதுமென்று கூறும் அதே நியமம், சீரற்றவற்றுக்கு 3 மில்லிமீட்டர் கேட்பது இதனாலேயே. மேலும் உயரமான இடங்களில் காற்று இலேசாதலால், பாஷன் விதிப்படி, அதே இடைவெளி குறைந்த மின்னழுத்தத்திலேயே முறியும். நியமத்தின் எண்கள் கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டர் வரைக்குமே பொருந்துவன. 4,000 மீட்டருக்குக் காற்றுத் தூரத்தை 1.29-ஆலும், 5,000 மீட்டருக்கு 1.48-ஆலும் பெருக்குதல் வேண்டும். நம் உதகமண்டலமே 2,200 மீட்டருக்கு மேற்பட்டது. லடாக்கிலுள்ள லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்திலுள்ளது. சமவெளியில் செய்த கருவி மலைமேற் செல்லாதென்று யார் உறுதி கூறவல்லார்?

மூன்றாவது விடையே நம் சார்ஜரின் கதைக்கு உயிர்நிலை. மின்சாரம் காற்றினூடே மட்டும் பாய்வதன்று. பரப்பின்மேல் ஊர்ந்தும் செல்லும்.

பரப்பின் துரோகம்

எப்பாக்ஸிப் பலகையின் உட்பொருள் காற்றினும் பன்மடங்கு வலிய மின்காப்பு. அதன் மேற்பரப்போ அவ்வாறன்று. அதன்மேல் தூசி படிகின்றது. ஈரக் காற்றிலிருந்து பனிப்படலம் போன்ற நீர் படிகின்றது. ஈயம் பற்றவைத்தபோது இட்ட ஃபிளக்ஸ் கழுவப்படாமல் தங்குகின்றது. கடற்கரையூர்களில் உப்பும் சேர்கின்றது. தூய நீர் மின்சாரத்தைச் சிறிதே கடத்தும். உப்பும் அழுக்கும் கரைந்த நீரோ நன்கு கடத்தும். அவ்வீரப் படலத்தின் வழியே முதலில் மிகச் சிறு மின்னோட்டம் கசிகின்றது. கசிவினால் சூடு பிறந்து, படலம் ஓரிடத்தில் உலர்ந்து துண்டிக்கப்படுகின்றது. அத்துண்டிப்பின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று தாவுகின்றது. அப்பொறியின் வெப்பத்தால் அவ்விடத்துப் பிசின் கருகிக் கரியாகின்றது. கரியோ மின்சாரத்தைக் கடத்தும் பொருள். மறுநாள் ஈரம் படியும்போது பொறி அடுத்த இடத்தில் தாவும். கரியும் அடியெடுத்து வைக்கும். இவ்வாறு நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கரிப்பாதை வளர்ந்து, ஒருநாள் மறுகரையைத் தொடும். அன்று மின்காப்பு இருந்த இடத்தில் ஒரு கம்பி கிடந்தாற் போலாம். காற்று முறிந்தால் பொறி அடங்கியபின் புதிய காற்று வந்து நிரம்பும். பரப்பு முறிந்தாலோ காயம் ஆறுவதில்லை.

ஒரு பொருள் இவ்வாறு கருகுதலை எவ்வளவு எதிர்க்கும் என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. சோதிக்கும் தகட்டின்மேல் இரு பிளாட்டின முனைகளை 4 மில்லிமீட்டர் இடைவிட்டு ஊன்றுவர். ஆயிரத்தில் ஒரு பங்கு நவச்சாரம் கரைத்த நீரை, 30 வினாடிக்கு ஒரு துளியாக, ஐம்பது துளிகள் முனைகளுக்கிடையே விழச் செய்வர். கரிப்பாதை தோன்றாமல் அந்த ஐம்பது துளிகளையும் தாங்கும் மிகுந்த மின்னழுத்தமே அப்பொருளின் ஒப்பீட்டெண் ஆகும். 600-ம் அதற்கு மேலும் உடையவை முதல் வகுப்பு. 400 முதல் 599 வரை இரண்டாம் வகுப்பு. அதற்குக் கீழே 100 வரையிலுள்ளவை மூன்றாம் வகுப்பு. சாதாரணமான எப்பாக்ஸிப் பலகைகளிற் பல இம்மூன்றாம் வகுப்பிலேயே அடங்குவன.

அழுக்கும் நான்கு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. மூடி முத்திரையிட்ட தூய இடம் முதற்படி. வீடும் அலுவலகமும் போல், உலர்ந்த தூசியும் சிற்சில வேளைகளில் மட்டும் ஈரமும் படியுமிடம் இரண்டாம் படி. தொழிற்கூடம் போன்றது மூன்றாம் படி. மழைக்கும் வெளிக்கும் ஆட்பட்டது நான்காம் படி. படி உயர உயரப் பரப்புத் தூரமும் உயர்தல் வேண்டும்.

இங்கே இன்னொரு மறைவான பகையையும் கூறாமல் விடுதல் தகாது. 1970-களில் பெல் ஆய்வுக்கூடத்தார் ஆராய்ந்தபோது, பலகையின் உள்ளேயே, கண்ணாடி இழைக்கும் பிசினுக்கும் இடையேயுள்ள நுண்ணிய பிளவின் வழியாக, நேர்முனையிலிருந்து எதிர்முனை நோக்கிச் செம்பின் உப்பு இழையாய் வளர்வதைக் கண்டனர். ஈரமும் இடைவிடாத மின்னழுத்தமும் சேர்ந்தால் இது நேரும். வெளியே பலகை புதிதாய் மின்னும். உள்ளே இரு துளைகள் இழையால் இணைக்கப்பட்டிருக்கும். ஆதலால் துளைகளையும் மிக நெருங்க அமைத்தல் ஆகாது.

ஒரு கணக்கு

இனி, நம் சார்ஜருக்கு இருந்திருக்கவேண்டிய இடைவெளியைக் கணக்கிடுவோம். ஒரு பக்கம் வீட்டு மின்சாரம். மறுபக்கம் மனிதர் தொடும் கைப்பேசி. நடுவே நிலத்தோடு இணைத்த உலோகக் காவல் ஏதுமில்லை. இத்தகைய இடத்தில் சாதாரண மின்காப்பு போதாது; ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று காக்குமாறு, இரட்டைக் காப்புக்கு இணையான வலிமை வேண்டும்.

காற்றுத் தூரம்: வீட்டுக் கருவிக்கு உரிய அதிர்ச்சி 2,500 வோல்ட், சாதாரணக் காப்பாயின் 1.5 மில்லிமீட்டர் போதும். இரட்டை வலிமைக்கு அடுத்த படியாகிய 4,000 வோல்ட்டைக் கொள்ளுதல் விதி. ஆகவே 3 மில்லிமீட்டர். 5,000 மீட்டர் உயரத்திலும் பயன்படவேண்டுமாயின், 3-ஐ 1.48-ஆற் பெருக்க, 4.44 மில்லிமீட்டர்.

பரப்புத் தூரம்: 250 வோல்ட், இரண்டாம் படி அழுக்கு, மூன்றாம் வகுப்புப் பலகை என்று கொண்டால், சாதாரணக் காப்புக்கு 2.5 மில்லிமீட்டர், இரட்டைக்கு 5 மில்லிமீட்டர். டிரான்ஸ்பார்மரின் செயலால் உள்ளே எழும் மின்னழுத்தம் இதனினும் மிகுமாதலின், கருத்துள்ள பொறியாளர் 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விடுவதே வழக்கம்.

வேண்டியது 5, இருந்தது 0.8. ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு! எனினும் அச்சார்ஜர் வாங்கிய நாளில் செவ்வனே வேலை செய்தது. புதிதான தூய பரப்பும் உலர்ந்த காற்றும் இருக்கும்வரை, 0.8 மில்லிமீட்டர் 325 வோல்ட்டை எளிதிலே தாங்கும் என்பதை முன்னரே கண்டோம். இதுவே இக்குறையின் கொடுமை. பிழை அன்றைக்கே வெளிப்படுமாயின் யாரும் அதை விற்கமாட்டார்; யாரும் வாங்கமாட்டார். தூசியும், கழுவாத ஃபிளக்ஸும், ஐப்பசி ஈரமும் சேரும்வரை அது காத்திருந்தது.

காப்பதற்கான வழிகள்

இடம் சுருங்கிய பலகையில் 5 மில்லிமீட்டருக்கு எங்கே போவது என்று வினவலாம். அதற்கும் அழகியதோர் உபாயம் உண்டு. இரு கோடுகளுக்கும் நடுவே பலகையை நீளவாட்டில் வெட்டி ஒரு பிளவு செய்துவிடுவர். பொருளை நீக்கினால் காப்பு வலிமை குன்றுமன்றோ என்று தோன்றும். உண்மையோ இதற்கு மாறானது. பரப்பின்மேல் ஊர்ந்துவரும் மின்சாரம் இப்போது பிளவின் முனையைச் சுற்றியே வரவேண்டும். பரப்புத் தூரம் நீளுகின்றது. குறுக்கே எஞ்சியிருப்பது காற்று. காற்றுக்கு 3 மில்லிமீட்டரே போதும். ஆனால் வீட்டுக் கருவிகளில் பிளவின் அகலம் 1 மில்லிமீட்டருக்குக் குறையுமாயின் அதனைக் கணக்கிற் கொள்ளலாகாது. தூசியும் நீரும் அதனை எளிதில் பாலமிட்டுவிடும். நல்ல சார்ஜர்களில் டிரான்ஸ்பார்மரின் கீழும், ஒளியின் வழியே செய்தி அனுப்பும் ஆப்டோகப்ளர் என்னும் உறுப்பின் கீழும் இத்தகைய பிளவைக் காணலாம்.

இவையன்றி, செப்புக் கோடுகளின் மூலைகளை வளைவாக்குதல், ஈயப் பற்றுக்களின் முட்களை நீக்குதல், ஃபிளக்ஸை ஆல்கஹாலால் கழுவுதல், ஈரமான இடங்களுக்குச் செல்லும் பலகைக்கு வார்னிஷ் போன்ற பூச்சிடுதல் ஆகியவையும் பயன் தருவன. இறுதியில், மின்சாரப் பக்கத்துக்கும் மனிதர் தொடும் பக்கத்துக்கும் இடையே 3,000 வோல்ட் போன்ற உயர்ந்த மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்திப் பார்ப்பர். ஆனால் அச்சோதனை அன்றைய நிலையையே காட்டும். வருங்கால ஈரத்தைக் காட்டாது. ஆகவே அளவுகோலின் வேலையைச் சோதனைக்கருவி செய்துவிடாது.

ஆய்வுக்கூடத்தில் தாமே பலகை வரையும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கணினியிற் கோடுகளை வரையுமுன், மின்சாரப் பக்கம் எது, மனிதப் பக்கம் எது என்று முதலிற் பிரித்து, நடுவே ஓர் ஆற்றைப் போல் அகன்ற இடத்தை ஒதுக்குங்கள். பின்னர் எத்தனை நெருக்கம் வந்தாலும் அவ்வாற்றில் ஒரு கோட்டையும் இறக்காதீர்கள். கருவி வாங்குவோர்க்கும் ஒரு சொல்: கூட்டைத் திறந்து பார்த்தல் எல்லாரும் செய்யத்தக்கதன்று, அபாயமும் ஆம். இந்தியத் தரநிர்ணய அமைப்பின் பதிவுக்குறி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். அதுவும் போலியாதல் கூடுமாதலின், நம்பத்தக்க கடையில் வாங்குங்கள். சார்ஜ் ஏறும் கைப்பேசியை ஈரக் கையாற் பற்றாதீர்கள்.

நிற்க. அச்சார்ஜரின் பலகையை வரைந்தவர் அறியாமையால் அவ்வாறு செய்தாரோ, சிறிது செம்பும் சிறிது இடமும் மிச்சமாகும் என்று எண்ணிச் செய்தாரோ, நாம் அறியோம். மிச்சப்பட்டது ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர். ஒரு பென்சிலின் பருமனிற் பாதி. அதற்கு ஈடாக வைக்கப்பட்டது, தாம் ஒருபோதும் காணப்போகாத ஒரு மாணவரின் உயிர். பொறியாளரின் நேர்மை பெரிய அணைகளிலும் பாலங்களிலும் மட்டும் சோதிக்கப்படுவதன்று. யாரும் திறந்து பாராத கூட்டினுள், யாரும் அளந்து பாராத வெற்றிடத்தில், நாள்தோறும் சோதிக்கப்படுகின்றது. அம்மாணவரின் சார்ஜர் இப்போது பௌதிக ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டுள்ளது. அதன் அருகே நல்ல பலகை ஒன்றும், ஒரு மில்லிமீட்டர் அளவுகோலும் உள்ளன. விரும்புவோர் வந்து தாமே அளந்து பார்க்கலாம்.